பாலத்தடி மீனும் ஏழாவது விதியும்

ஏழாவது விதி இது: "மீனை எழுப்பியவர் அதை ஓயவிட்டு மறுபடி வீசும்வரை, அந்த நீர் அவருடையது. அதுவரை வேறெவரும் அங்கே தூண்டில் வீசலாகாது." இதில் 'எவரும்' என்ற சொல்லுக்கு விலக்கு ஏதும் இல்லை. பெரியப்பா மகனுக்கு விலக்கு உண்டு என்று அடிக்குறிப்பு கிடையாது. பெண்பிள்ளை எழுப்பிய மீன் கணக்கில் வராது என்றும் போடவில்லை. வேலைக்காலம் முழுவதும் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்: இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட விதியை நான் அப்புறம் பார்க்கவில்லை. இவ்வளவு சுத்தமாக மீறப்பட்ட விதியையும் பார்க்கவில்லை.

நம் ரங்கூன்காரர்களின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையை நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். மலருக்கு மலர் அந்த வழி நீண்டுகொண்டே போகிறது. நான் அதற்கு முன்னால் போகிறேன். நமக்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. டிராம் மணியும் மழையும் ஓயாத ரங்கூன்.

எங்கள் வீடு பசுந்தாங்கில், ஓடையை ஒட்டிய தெருவில். மர வீடு. மாடியில் அப்பா, அம்மா, நான். பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பா மகன். அடுப்பு ஒன்று, பேச்சு இரண்டு. கீழே வீட்டுக்காரம்மா, பர்மாக்காரி, கணவனை இழந்தவர். அவரை நாங்கள் எல்லோரும் 'அமே' என்று கூப்பிடுவோம். பர்மிய பாஷையில் அம்மா. ஓடைக்கு அக்கரையில் நெல் ஆலைகள். உமிப் புகை ஜன்னல் வழியாக வந்து காயப்போட்ட துணி, தலைமுடி, தயிர் எல்லாவற்றுக்கும் ஒரே மணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்.

பெரியப்பா ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அப்பா அதே கம்பெனியில் சாதாரணக் குமாஸ்தா, பெரியப்பா சொல்லிக் கிடைத்த வேலை. 'பெரியப்பா சொல்லிக் கிடைத்த' என்பதை நான் சேர்க்காவிட்டால் அவர் மேலிருந்தே சேர்த்துவிடுவார். உயிரோடு இருந்தவரை எந்தப் பேச்சிலும் அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்தவர் அவர்.

அந்த வருஷம் பெரியப்பாவின் துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்பினார். போகும்போது தன் தூண்டிலைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தூண்டில் என்றதும் ஓடைக்கரையில் புழு கோத்துப் போடும் குச்சியை நினைக்க வேண்டாம். இது மூங்கிலைப் பிளந்து, இழைத்து, ஒட்டியது. மூன்று துண்டு, பித்தளைப் பூணில் செருகினால் இரண்டு பெரியப்பா உயரம். தேன் நிற வார்னிஷ். பச்சைப் பட்டு நூல் சுற்றிய ராட்டை. கூடவே ஒரு தகரப் பெட்டி. அதைத் திறந்தால் பூச்சிகள். முள்ளின்மேல் இறகும் பட்டும் ஜரிகையும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சிகள், அறை அறையாக, நகைக்கடையில் மூக்குத்தி இருப்பதுபோல. இரை என்று எதுவும் கிடையாது. பொய்யைத் தண்ணீரின்மேல் மெதுவாக வைத்து, உண்மை என்று மீனை நம்பவைக்க வேண்டும்.

"துரைமார் உத்தியோகமே அதுதானே," என்றார் அப்பா. அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

ஊருக்கு நடுவில் இருந்த ஏரியில் மீன் பிடிக்க ஒரு சங்கம் இருந்தது. துரை தன் உறுப்பினர் சீட்டைப் பெரியப்பா பெயருக்கு மாற்றி, 'குடும்பத்தார் உட்பட' என்றும் எழுதி வாங்கிக் கொடுத்திருந்தார். சீட்டோடு ஒரு கெட்டியான மஞ்சள் அட்டை வந்தது. அதில்தான் விதிகள். புழு கூடாது, பொய்ப் பூச்சி மட்டும்தான். பூச்சியை நம்பி மீன் மேலே வந்தால், அதை 'எழுப்பியதாக'க் கணக்கு. ஒருவர் வீசும் நூலைத் தாண்டி நடக்கக் கூடாது. பாலத்தின்மேல் உரக்கப் பேசக் கூடாது. பெரியப்பா தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்தார்: கோட்டு போடாமல் வீசக் கூடாது, தலைப்பாகை இல்லாமல் வீசக் கூடாது, காலில் பூட்ஸ் வேண்டும். மீனுக்கு மரியாதை தெரியுமாம்.

வீட்டில் கான்வெண்டில் படித்தவள் நான் ஒருத்திதான். யாராவது வந்தால் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அட்டையை வாசிக்கச் சொல்வார். தன் மகனைக் கூப்பிடமாட்டார். அவன் வாசித்தால் விதிகளுக்குக் காயம் படும். இப்படியே எனக்கு அட்டை முழுவதும் மனப்பாடம் ஆயிற்று. மற்றவர்கள் விதிகளைக் கேட்டார்கள். நான் ஒருத்தி அவற்றை நம்பினேன். அதுதான் வித்தியாசம்.

*

ஏரியின் ஓரத்தில் ஒரு மரப்பாலம். பாலத்தின் நடுக்காலுக்கு அடியில், தண்ணீர் கறுத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய மீன் இருந்தது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது அதன் முதுகு தெரியும். நனைந்த விறகுக்கட்டைபோல அசையாமல் நிற்கும். பிறகு ஒரு வால் அசைவு, காணாமல் போகும். ரங்கூனில் தூண்டில் பிடித்த அத்தனை பேருக்கும் அந்த மீனைத் தெரியும். ஒருவருக்கும் அது சிக்கியதில்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டின் இரண்டாவது பதார்த்தம்.

"டிரவுட்டுடா தம்பி. சுத்த ஸ்காட்லாந்து டிரவுட்டு," என்பார் பெரியப்பா. "முட்டையைப் பாசியில பொதிஞ்சு, ஐஸ் பெட்டியில வச்சு, கப்பல்ல கொண்டாந்து விட்டாங்களாம். துரையே சொன்னாரு."

"இந்தத் தண்ணியிலயா அண்ணே? மத்தியானம் கைய வச்சா ரசமாட்டம் கொதிக்குது. ஸ்காட்லாந்து மீனை இதுல விட்டா நாம மசாலா மட்டும் போட்டாப் போதும்."

"உடம்புல புள்ளி இருக்கே, பாத்தியா?"

"புள்ளி எனக்கும் முதுகுல இருக்கு. நானும் ஸ்காட்லாந்தா?"

"நீ எங்கேருந்து வந்தேன்னு எனக்குத் தெரியும். நான்தான் டிக்கெட்டு எடுத்தேன்."

அதோடு அப்பா சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். அவர் கட்சி இது: இது ஐராவதியில் இருக்கிற நாட்டு மீன், ஏதோ வெள்ளத்தில் வந்து மாட்டிக்கொண்டது, ஊர் ஞாபகம் வந்த துரைமார் புள்ளி போட்டதையெல்லாம் டிரவுட் என்று கூப்பிட்டு மனசை ஆற்றிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது கட்சி கீழ்வீட்டில். அமேயின் வழக்கு வேறு. கசோன் மாதத்து, அதாவது நம் வைகாசிப் பௌர்ணமியில் பர்மாக்காரர்கள் அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும், சந்தையில் உயிர் மீன் வாங்கி ஏரியில் விடுவதும் உங்களுக்கு நினைவிருக்கும். சாகப்போகிற உயிரை விட்டால் புண்ணியம். அமே வருஷம் தவறாமல் மண்பானையில் மீனைக் கொண்டுபோய் அந்தப் பாலத்தடியில்தான் விடுவார்.

"அது நான் விட்ட உசுரு," என்றார் அமே ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டே. அவர் பேசியது பர்மிய பாஷை; நம் எல்லோருக்கும் அது தமிழைப்போலத்தான். "என் புருஷன் செத்த வருஷம் விட்டது. சுண்டுவிரல் அளவு இருந்துச்சு."

"பானையில நூறு மீன் இருந்திருக்கும் அமே," என்றார் பெரியப்பா. "அதுல இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பள்ளிக்கூடம் விட்டா நூறு பிள்ளைங்க வருது. உன் பிள்ளை எதுன்னு உனக்குத் தெரியலையா?"

"அது வேற."

"வேறதான். என்னோடது நல்லா வளந்திருக்கு."

அமேக்கும் ஒரு பொறாமை இருந்தது. எதிர்வீட்டு அம்மாளும் அதே பௌர்ணமியில் அதே பாலத்தில் மீன் விடுகிறவர். பெரிய மீன் தன்னுடையது என்று அவரும் தெருவில் சொல்லிவந்தார். "அவ விட்டதெல்லாம் கெளுத்தி," என்பார் அமே. "சேத்துக்குள்ள போச்சு. அவ புண்ணியமும் அங்கதான் இருக்கு."

இப்படி, பிடிபடாத ஒரு மீனுக்கு மூன்று பிறந்த ஊர்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. மீன் எங்கிருந்து வந்தால் எனக்கென்ன? அது யாருக்குப் போகும் என்பதுதான் என் கவலை.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமில் போவோம். பெரியப்பா தூண்டிலைத் துணி உறையில் போட்டு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, திருவாசி தூக்குகிறவர்போல உட்கார்ந்திருப்பார். அப்பாவிடம் குடையும் தூக்குச்சட்டியும். பெரியப்பா மகனிடம் கைவலை. என்னிடம் தகரப் பெட்டி. பெட்டியைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை, சுமக்க மட்டும்.

பெரியப்பா வீசுவார். நூல் அவர் தலைக்குப் பின்னால் சவுக்குபோலப் போய், ஒரு நொடி காற்றில் நின்று, முன்னால் நீண்டு விழும். நன்றாக வீசுவார், அதை மறுக்க முடியாது. மீன் வராது. கை வலித்ததும், "டேய், நீ கொஞ்சம் போடு," என்று மகனிடம் கொடுப்பார். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் வீசிய காலத்தில் அதிகம் பிடித்தது பெரியப்பாவின் தலைப்பாகையைத்தான். ஒருமுறை அப்பாவின் குடையைப் பிடித்தான். ஒருமுறை பாலத்தில் போன பிக்குவின் காவித்துணியைப் பிடித்தான்; பெரியப்பா விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அப்படியும் அடுத்த ஞாயிறு தூண்டில் அவன் கைக்குத்தான் போகும்.

எனக்கு வயிற்றுக்குள் உமி எரிவதுபோல இருக்கும். புகை மட்டும் வரும், தீ தெரியாது. அவன் விரல்கள் அந்தத் தேன் நிற மூங்கிலில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேவையின் எண்ணெயைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டு பெட்டியோடு நிற்பேன். வீட்டில் மாடி வராந்தாவில் ஒட்டடைக் கம்பில் நூல் கட்டி, கீழே அமே காயப்போட்ட லுங்கிகளைக் குறிபார்த்து வீசிப் பழகினேன்.

"பொம்பளப் புள்ள வீசினா மீனு வெக்கப்பட்டு ஓடிரும்டி," என்றான்.

"நீ வீசினா சிரிச்சே செத்துரும். அப்ப வலை போதும், தூண்டில் எதுக்கு?"

"எங்கப்பா தூண்டில். எங்க சீட்டு."

"குடும்பத்தார் உட்படன்னு போட்டிருக்கு."

"நீ எங்க குடும்பமா?"

இந்தக் கேள்விக்கு நான் அம்மாவிடம் போனேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சோறு வடிக்கிற வரைக்கும் ஒரே குடும்பந்தான்," என்றாள். "குழம்பு ஊத்தும்போது வேற." அவளுக்கும் சொல்லாத கணக்குகள் இருந்திருக்கின்றன, அப்போது எனக்குப் புரியவில்லை.

*

மழை தொடங்கிய புதிது. ஒரு ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. பாலத்துப் பலகை நனைந்து கறுத்து, பழைய தேயிலைபோல மணத்தது. அக்கரைப் புத்தர் கோயிலான பகோடாவின் பொன் நிழல் ஏரியில் நீளமாக விழுந்திருக்க, ஈசல்கள் அதன்மேல் செத்து மிதந்தன. பெரியப்பா மகன் கரையில் மொஹிங்கா விற்கிறவளிடம் போயிருந்தான். பெரியப்பா வீசிக்கொண்டிருந்தார். அப்போது கரைமேல் ஒரு மோட்டார் வந்து நின்றது. கம்பெனியின் புதுத் துரை.

பெரியப்பாவின் முதுகு தானாக வளைந்தது. தூண்டிலை அப்பாவிடம் நீட்டினார். "பிடிச்சுக்க. வீசிராத." சொல்லிவிட்டு, பூட்ஸ் காலோடு பலகை அதிர ஓடினார்.

அப்பா தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருஷத்தில் தூண்டில் அவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கனத்தைப் பார்ப்பதுபோல மெல்ல ஒருமுறை அசைத்தார். நுனி நடுங்கியது. கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தா. நீ ஒரு தடவை போடு. சின்னப் புள்ள வெளையாடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

வீசினேன். ஒட்டடைக் கம்பில் பழகிய கை. நூல் நீளவில்லை, நூல்கண்டுபோலச் சுருண்டு பாலத்துக் காலடியிலேயே விழுந்தது. பூச்சி மட்டும் சுருளுக்கு வெளியே, ஈசல்களுக்கு நடுவில், அவற்றைப்போலவே பரிதாபமாகக் கிடந்தது.

தண்ணீர் வீங்கியது. கிழியவில்லை, உள்ளேயிருந்து யாரோ தோளால் தள்ளியதுபோல. கறுப்பு முதுகு, பக்கவாட்டில் புள்ளிகள், வாய்க்குள் ஒரு வெள்ளை. பூச்சி உள்ளே போய், வெளியே வந்தது. பிறகு வட்டங்கள் மட்டும், பகோடாவை ஆட்டிக்கொண்டு.

"ஐயோ," என்றார் அப்பா.

"எழுப்பிட்டேம்பா. நான் எழுப்பிட்டேன்."

எனக்கு இன்னொரு விஷயமும் தெரியும். எழுப்பிய மீன்மேல் உடனே வீசக் கூடாது. பயந்திருக்கும். ஓயவிட வேண்டும். அட்டையில், ஒரு குழாய்ப் புகையிலை புகைத்து முடிக்கும் நேரம் என்று போட்டிருந்தது. குழாய் இல்லாதவர் என்ன செய்வது என்று போடவில்லை. நான் நூலைச் சுற்றி, தூண்டிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினேன். என் கையில் அதைவிட நீளமான சரக்கு இல்லை.

பாதி வாய்ப்பாட்டில் பெரியப்பா மகன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னடி, தூண்டிலை நீ வச்சிருக்க?"

"மீனை எழுப்பியிருக்கேன். பேசாத. ஓயவிடணும்."

"எங்க, குடு."

"தண்ணி என்னுது. ஏழாவது விதி."

கரையில் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். பெரியப்பா தலைப்பாகையைச் சரிசெய்தபடி பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"உன் அண்ணன்கிட்டக் குடும்மா," என்றார் அப்பா. "நீ சும்மாதானே நிக்கிற."

"சும்மா நிக்கலப்பா. காத்துக்கிட்டிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். குடு."

கொடுத்தேன். கைவலையை என் கையில் திணித்துவிட்டு அவன் வீசினான். பிறந்ததிலிருந்து அவன் நேராக வீசியது அந்த ஒரு தடவைதான். நூல் யார் தலைப்பாகையிலும் மாட்டாமல் போய் விழுந்தது. ஓய்ந்திருந்த மீன், நான் ஓயவிட்ட மீன், நம்பிக்கையோடு மேலே வந்து வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

அப்புறம் ராட்டை கத்தியது, பெரியப்பா கத்தினார், அப்பா கத்தினார். உரக்கப் பேசக் கூடாது என்ற விதியும் அதோடு போயிற்று. பாலத்தின் கீழ்ப்படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, அந்த மீனை வலையில் ஏந்தியவள் நான். வேறு யாரிடமும் வலை இல்லை.

*

நேராக ஸ்டூடியோவுக்குப் போனோம். மீன் வாடாமலிருக்க ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பின்னால் மலையும் பனியும் தீட்டிய திரை. அதன் முன்னால் பெரியப்பா மகன் ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் மீனுமாக நின்றான். மீன் கனம் தாங்காமல் சரிந்ததால், வாலை மட்டும் படத்துக்கு வெளியிலிருந்து நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்பத்தாண்டா ஸ்காட்லாந்து போய்ச் சேந்துச்சு," என்று திரையைப் பார்த்து அப்பா முணுமுணுத்தார்.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்கியது. இன்னொன்று கப்பலேறி நாகப்பட்டினத்துச் சொந்தங்களுக்குப் போயிற்று. நன்றாகப் பார்த்தால் மீன் வாலுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் தெரியும். அது நான்.

மீனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது அமே வாசலில் நின்றார். எனக்குப் பயம். அவர் விட்ட உயிர். புருஷன் செத்த வருஷத்து மீன். அமே குனிந்து பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். செவுளைத் தொட்டார். நிமிர்ந்து சுருட்டை இழுத்தார்.

"இது என்னோடது இல்ல," என்றார். "என்னோடது இதைவிடப் பெருசு. அது இன்னும் பாலத்தடியிலதான் இருக்கு." எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே கேட்கும்படி, "இது வேற யாரோ விட்டது," என்றும் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுவதும் திறக்கவில்லை.

ஸ்டூடியோவில் நேரமானதால் மீன் கொஞ்சம் மணம் மாறியிருந்தது. பெரியம்மா புளியைக் கூட்டி ஊற்றினாள். தலை, பிடித்தவனுக்கு. நடுத்துண்டுகள் பெரியவர்களுக்கு. எனக்கு வால். முள்ளை எடுத்துக்கொண்டே, "எழுப்பினது நான்," என்றேன்.

"எழுப்பினா என்ன? தினம் காலைல உன்னை உங்கம்மாதான் எழுப்புறா. அதுக்காகப் பள்ளிக்கூடத்துல அவளுக்கா மார்க்கு போடுறாங்க?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். அவர் சிரித்தது எனக்கு நெடுநாள் ஆறவில்லை.

இப்போது தெரிகிறது. தான் வீசாமல் தூண்டிலை என்னிடம் கொடுத்தது, தனக்கு ஆசை இல்லாததால் அல்ல. அண்ணன் கண்ணில் படாமல் ஆசைப்பட அவருக்கு ஒரு சின்னப்பிள்ளை வேண்டியிருந்தது. மீன் எழும்பியதும், இவ்வளவு பெரிய மீன் தன் பக்கம் வந்துவிடப் போகிறதே என்று பயந்துபோனார். அண்ணன் சொல்லிக் கிடைத்த வேலையில் இருப்பவர் அண்ணனுக்குக் கிடைக்காத மீனை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பத்து வயதில் இதெல்லாம் தெரிந்திருந்தால் பொறாமை குறைந்திருக்குமா என்றால், இல்லை.

*

அந்த வாரமே மனு எழுதினேன். என் முதல் மனு. சங்கத்தின் காரியதரிசிக்கு, கோடு போட்ட தாளில், இங்கிலீஷில். நடந்ததைச் சுருக்கமாக எழுதி, ஏழாவது விதியை மேற்கோள் காட்டி, கடைசியில் இப்படி முடித்தேன்: "மீனைத் திருப்பித் தரக் கோரவில்லை; அது சாப்பிட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் நீர் யாருடையது என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்." இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன். வயதும் பெண் என்பதும் எழுதவில்லை. விதியில் அவை கேட்கப்படவில்லை. இன்றும் அந்த வரைவில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தமாட்டேன்.

ஸ்டாம்பு அமேயுடையது. "மேல்வீட்டுக்காரி முகத்தைப் பாக்கணும்," என்றார். பெரியம்மாவைத்தான் சொன்னார். "பதில் என் வீட்டுக்கு வரட்டும், தமீ." தமீ என்றால் மகளே.

பதில் வரவில்லை. மழை முழுவதும் பெய்து தீர்ந்தது. படத்தின் சட்டத்துக்குள் ஈரம் ஏறி, பனிமலையில் பூஞ்சை பூத்தது. விளக்குத் திருவிழா வந்து போனது. பெரியப்பா மகன் வருகிறவர்களிடமெல்லாம் மீனின் நீளத்தைக் கைகளால் காட்டுவான். மாதத்துக்கு மாதம் கைகள் விலகிக்கொண்டே போயின. தபால்காரர் வரும் நேரத்தில் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அமே என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறு. எனக்கு லேசாக ஜலதோஷம், போகவில்லை. பெரியப்பாவும் மகனும் அப்பாவும் போய், வெயில் ஏறுவதற்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"பாலத்துல ஏற விடலை," என்றான் பெரியப்பா மகன். "ரெண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கான் காவல்காரன். நடுவுல ஒரு நாற்காலி வேற. யாரோ பெரிய மனுஷனுக்கு ஒதுக்கியிருக்காம்."

"யாருக்காம்?" என்றாள் அம்மா.

"யாராவது ஜட்ஜா இருப்பாரு," என்றார் பெரியப்பா. அவர் குரலில் நான் முதல்முறையாக என் குரலைக் கேட்டேன். "காலையிலேருந்து காத்துக் கிடக்கிறான் காவல்காரன். அந்த ஆளு வரவேயில்லை. நாற்காலி சும்மாவே கிடந்துச்சு."

"அதுவா பெருசு?" என்றான் மகன். "மீனு! நடுக்காலுக்கு அடியில ஒண்ணு குதிச்சுச்சு பாரு. நம்மது அதுல பாதிதான் இருக்கும்."

"நான் சொன்னேனே," என்றது கீழிருந்து அமேயின் குரல்.

"கொடுத்து வச்ச மனுஷன்," என்றார் அப்பா. "வராமலே ஒரு பாலத்தை வச்சிருக்கான்."

அன்று நாள் முழுவதும் எனக்கு வேறு நினைவில்லை. பெரியப்பா மகன்மேல் இருந்த பொறாமையெல்லாம் ஒரே நாளில் இடம் மாறிவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதர்மேல் அப்படி எரிந்தேன். அவருக்காகக் கயிறு கட்டுகிறார்கள். நாற்காலி போடுகிறார்கள். தண்ணீர் முழுவதும் அவருடையது; யாரும் அவர் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்கமாட்டார்கள்; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், சும்மா நிற்கிறாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு வரக்கூட மனமில்லை. அவருக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கார்த்திகை முதல் சோமவாரம். அம்மா விரதம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அமே ஒரு நீள உறையோடு படிக்கட்டில் நின்றார். உறைமேல் என் பெயர், இனிஷியலோடு, பின்னால் எஸ்கொயர் என்று, ஆண் கனவான்களுக்குத் துரைமார் போடும் மரியாதைச் சொல். அந்த ஒரு சொல்தான் அதை ஊர் சுற்ற வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் எஸ்கொயர் யாரும் இருக்க முடியாது என்று தபால்காரர்களே முடிவு செய்து, தாமுவேயில் ஒரு பங்களாவிலும், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில்வே துரைமார் குடியிருப்பிலும் அந்தக் கனவானைத் தேடியிருக்கிறார்கள். இல்லை, இல்லை என்று சிவப்பு மசியில் எழுதி எழுதி உறையில் இடமே இல்லை.

உள்ளே ஒரு தாள், டைப் அடித்தது. விதி தாங்கள் சொன்னபடியே. எழுப்பிய மீனை ஓயவிட்டுக் காத்திருந்தது முறையானதே. நீர் தங்களுடையது. நேர்ந்ததற்குச் சங்கம் வருந்துகிறது. அதற்கு ஈடாக, நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறு காலை முழுவதும் பாலம் தங்கள் ஒருவருக்கே ஒதுக்கப்படும். கயிறு கட்டவும் நாற்காலி போடவும் காவல்காரருக்கு உத்தரவிடப்பட்டுள்ளது.

"என்ன எழுதியிருக்கு, தமீ?" என்றார் அமே.

நான் ஜ்யாமெட்ரிப் பெட்டியிலிருந்து பென்சிலை எடுத்தேன். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் செய்யப்போவதை முதல்முறையாகச் செய்தேன். கடிதத்தின் இடது ஓரத்தில், மேலே, வந்து சேர்ந்த நாளைக் குறித்தேன்: திங்கட்கிழமை, நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாள்.